சூரியத் தகடுகளில் எதைத் தேடுகிறோம்?

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி தெரிந்தால் எளிதில் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால்? படத்துக்குள் இருப்பதை வைத்தே தேட வேண்டும்.

வடிவம் மட்டும் போதாது. சூரியப் புள்ளிகள் வெள்ளொளியில் தெரியும்; பிரகாசத் திட்டுகள் கால்சியத்தின் ஊதாவில் (393 நானோமீட்டர்); கரிய இழைகள் ஹைட்ரஜனின் சிவப்பில் (656 நானோமீட்டர்). தகடு என்னமோ கறுப்பு வெள்ளைதான். நிறம் படத்தில் இல்லை, எடுத்த முறையில் இருக்கிறது. எந்த நிறத்தில் எடுத்தது என்பதோடு ஒளிச்செறிவு, பரப்பு, வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கணினி பிரித்தெடுக்கிறது.

இதிலென்ன அரசியல்னு கேட்கலாம். எதை அடையாளமாக வைக்கிறோமோ அதுதான் கிடைக்கும். மற்றது இரைச்சலென்று கழிக்கப்படும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது. மழை பொய்த்ததற்கான விளக்கத்தைக் காலனிய அரசு சூரியனில் தேடப் புறப்பட்டது. 1899இல் பழனி மலையில் ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. அறிவியல் பலன் இல்லாமலில்லை: புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் இங்கேதான் கண்டார். ஆனால் கப்பலேறிய தானியம் எந்தத் தகட்டிலும் விழாது.

இன்று நம் ஊர்வலப் படங்களையும் இதே முறையில் தேடலாம்: கொடியின் நிறம், கூட்டத்தின் வடிவம். அந்த அடையாளங்களை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.