வீட்டுக் கணினியின் வேகக் குறைவும் பரிகாரமும்

வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இயங்கிய வீட்டுக் கணினி, நாலைந்து ஆண்டுகள் கழிந்ததும், திறப்பதற்கே சில நிமிஷங்கள் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் தொட்டால் சற்று நேரம் ஸ்தம்பித்து நின்று, தட்டச்சு செய்த எழுத்தைத் திரையில் காட்டுவதற்கும் அவகாசம் கேட்கும் நிலையை வேகக் குறைவு என்கிறோம். யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று இதற்குப் பொதுவாகச் சமாதானம் சொல்லப்படுகிறது. அது பொருந்தாத சமாதானம். விநாடிக்கு எத்தனை துடிப்புத் துடிக்கும்படி ஒரு பிராசசர் செய்யப்பட்டதோ, பத்தாண்டு கழித்தும் அது அத்தனை துடிப்புத் துடிக்க வல்லதாகவே இருக்கிறது. ராம் என்னும் நினைவகமும் உபயோகத்தால் தேய்ந்து மந்தமாவதில்லை. மந்தமாகத் தோன்றும் கணினி பெரும்பாலான நேரம் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, பிறகு பணம் செலவிடுவதே இவ்விஷயத்தில் உசிதமான கிரமம். அந்தக் கிரமம் தலைகீழாவதனால்தான் நல்ல யந்திரங்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகின்றன.

யந்திரம் மாறாதிருக்க, அதன்மேல் ஏற்றப்படும் சுமை மாத்திரம் ஆண்டுதோறும் வளர்ந்து வந்திருக்கிறது. விண்டோஸ் 95 இயங்கக் குறைந்தபட்சம் 4 எம்.பி. ராம் போதுமென்று அதன் கர்த்தாக்கள் அறிவித்திருந்தார்கள். 2001இல் வந்த எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. வேண்டியிருந்தது; 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. என்பது ஆகக் குறைந்த நிபந்தனை. இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! பாஸ்கல் மொழியைப் படைத்த சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், யந்திரங்கள் வேகம் பெறும் கதியைக் காட்டிலும் மென்பொருள்கள் மந்தமடையும் கதி அதிகம் என்ற கருத்தை 1995இல் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். அது மார்ட்டின் ரைசர் கூறியதென்று அவரே குறிப்பிட்டபோதிலும், விர்த்தின் விதி என்றே அது வழங்கி வருகிறது.

இந்தச் சுமையை முதலில் தாங்க முடியாமற் போகும் உறுப்பு ஹார்டு டிஸ்க். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியோடு பிறந்த உபகரணம் அது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் நிமிஷத்துக்கு 1,200 தடவை சுழல, அவற்றிலிருந்து ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லி விநாடி ஆயிற்று. இன்றைய வீட்டுக் கணினியின் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர இன்னும் சுமார் 9 மில்லி விநாடி ஆகும். ஆகப் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்று மில்லி விநாடிக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசசர் ஏறத்தாழ நான்கு கோடி முறை துடித்துவிடுகிறது. அத்துடிப்புகளில் பெரும்பகுதி வீண்.

பெரிய திரைப்படக் கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இதே டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி.க்கு மேலும் கொடுக்க வல்லது என்பதனால், அதன் குறை சாதாரணப் பரீட்சையில் வெளிப்படுவதில்லை. ஆனால் விண்டோஸ் துவங்கும் நேரத்தில் வேண்டப்படுபவை தட்டின் பல மூலைகளிலும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் முனை ஓடியாக வேண்டியிருப்பதால், விநாடிக்கு எழுபத்தைந்து தடவைக்குமேல் அதனால் படிக்க இயலாது. தடவைக்கு 4 கே.பி. வீதம் பார்த்தால், விநாடிக்கு 300 கே.பி.தான் கைக்கு வருகிறது.

இந்த அவஸ்தையை ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே காணலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 ஏற்றிய பழைய யந்திரத்தைப் போட்டுச் சில நிமிஷங்களுக்குள் அதைப் பார்த்தால், சி.பி.யூ. என்ற பத்தியில் பத்துக்கும் குறைவான சதவீதமும், டிஸ்க் என்ற பத்தியில் செக்கச் சிவந்த 100 சதவீதமும் நிற்கும். ஆனால் உண்மையில் நடமாடும் தகவலோ விநாடிக்கு ஓரிரு எம்.பி.தான். தேடுதலுக்கு அட்டவணை தயாரிக்கும் சேவை, டிஃபெண்டர் என்னும் வைரஸ் காவல், அடிக்கடி வேண்டியவற்றை முன்னதாகவே நினைவகத்தில் ஏற்றி வைக்கும் சிஸ்மெயின், விண்டோஸ் அப்டேட் முதலியவை அத்தனையும் ஏககாலத்தில் அந்த ஒற்றை முனையை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் காட்சி தென்பட்டால் நோய் இன்னதென்று நிச்சயமாயிற்று. இந்நிலையில் பிராசசரை மாற்றுவதும், புதிய கணினிக்கு முன்பணம் கட்டுவதும் பிரயோஜனமற்றவை.

இதற்குப் பிரதான பரிகாரம் ஹார்டு டிஸ்கின் ஸ்தானத்தில் எஸ்.எஸ்.டி. வைப்பதே. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா, 1987இல் வெளிப்படுத்திய நேண்ட் வகை நினைவகத்தை ஆதாரமாகக் கொண்ட இதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. எந்த மூலையிலுள்ள தகவலும் சுமார் ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கில் கிடைத்துவிடுவதால், எழுபத்தைந்து தடவை படித்த இடத்தில் விநாடிக்குச் சில ஆயிரம் தடவை படிக்கலாம். இரண்டு மூன்று நிமிஷங்களில் திறந்த கணினி அரை நிமிஷத்துக்குள் திறப்பதைக் கண்டவர்கள், அது அதே யந்திரந்தான் என்று நம்பத் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால யந்திரங்களும் ஹார்டு டிஸ்க் உடையவையே. அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பழைய யந்திரங்களுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகையே ஏற்றது. எம்.2 என்று சொல்லப்படும் துளையில் சாட்டா, என்.வி.எம்.இ. என்ற இரு ஜாதிகளும் பொருந்துமாகையால், யந்திரம் எதை ஏற்கும் என்று விசாரியாமல் வாங்குவது வீண் விரயம். பழைய டிஸ்கைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, மடிக்கணினியில் டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு, கேடி என்னும் சட்டத்தில் வைத்து அதே இடத்தில் பொருத்தி, படங்களையும் பாட்டுகளையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

முன்பு சீராக இருந்த கணினி திடீரென்று, அதுவும் குறிப்பிட்ட ஒரு கோப்பைத் தொடும்போதெல்லாம், பல விநாடிகள் உறைந்து போகுமானால், அல்லது உள்ளிருந்து டிக் டிக்கென்று சப்தம் வருமானால், அது வேகக் குறைவு மாத்திரம் அன்று. டிஸ்க் மரணத்தை நெருங்கியிருப்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். கெட்டுப்போன இடத்தை அது மறுபடி மறுபடி படிக்க முயல்வதே அந்தத் தாமதத்துக்குக் காரணம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் சுகநிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் காட்டிவிடும். நீலம் தவிர வேறு நிறம் தெரிந்தால், வேறெந்தச் சீர்திருத்தத்தையும் ஆரம்பிக்காமல், குழந்தைகளின் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் அனைத்தையும் வேறோரிடத்தில் பிரதியெடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது ராம். நிஜமான நினைவகம் நிரம்பியபோது டிஸ்க் போன்ற வெளிச் சேமிப்பின் ஒரு பகுதியை நினைவகமாகப் பாவித்துக்கொள்ளும் தந்திரத்தை, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அமைத்து 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் முதன்முதலாகக் கையாண்டார்கள். அற்புதமான தந்திரம், ஆனால் அளவு மீறினால், வேண்டிய பக்கத்தை உள்ளே கொணர்வதற்கு வேறொரு பக்கத்தை வெளியே தள்ளுவதும், தள்ளியதை அடுத்த க்ஷணமே திரும்பக் கேட்பதுமாகக் காலம் முழுவதும் கழிந்து, உண்மையான காரியம் ஒன்றும் நடவாது. இந்த விபரீதத்தை அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் தெளிவாக ஆராய்ந்து விளக்கினார். 4 ஜி.பி. ராமில் விண்டோஸ் 10 தனக்கே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ள, மீதியில் குரோம் போன்ற உலாவியின் பத்துப் பதினைந்து டேபுகளும் திறந்திருக்கும் வீடுகளில் அன்றாடம் நிகழ்வது இதுவே. டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பத்தி எண்பது சதவீதத்துக்கு மேலேயே நிற்குமானால், ராமை 8 ஜி.பி. ஆக்குவது பயன் தரும். ராம் வகைகளான டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஆகியவற்றின் வெட்டுக்குழி வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் துளையில் ஏறாது, டி.டி.ஆர். 3லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்ற பேதமும் உண்டு. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்போர் 4 ஜி.பி.க்குமேல் ராம் போட்டும் பலனடைய மாட்டார்கள்.

காசு செலவில்லாத காரியங்களும் சில உண்டு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினி திறக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் மென்பொருள்களைக் காணலாம். பெயர் தெரிந்த, அப்போதைக்கப்போது மட்டும் தேவைப்படுபவற்றை நிறுத்திவிடலாம். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஏககாலத்தில் காவல் புரிவது ஒன்றையொன்று தடுப்பதில் முடியுமாதலால், ஒன்றே போதும். ஹார்டு டிஸ்கை ஒழுங்குபடுத்தும் டிஃபிராக் வேலையை விண்டோஸ் தானே கிரமமாகச் செய்துகொள்கிறது, எஸ்.எஸ்.டி.க்கு அது தேவையே இல்லை.

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து ஒரே சொடுக்கில் வேகம் கூட்டுவதாக வாக்களிக்கும் மென்பொருள்களை நம்பலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ரெஜிஸ்ட்ரியில் அநாவசியமான சில ஆயிரம் வரிகள் கிடப்பதனால் கணினி மந்தமடைவதில்லை. அவற்றை அகற்றும்போது அவசியமான வரியும் கூடவே போனால் விண்டோஸே திறவாது. இத்தகைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஆதரிப்பதில்லை. பெயர்பெற்ற சீகிளீனரின் ஒரு பதிப்பில் விஷமிகள் நச்சு நிரலைப் புகுத்தி, அது பல லட்சம் கணினிகளுக்குப் பரவிய செய்தி 2017 செப்டம்பரில் வெளியாயிற்று. ஃபார்மட் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறை உண்மையே. வைரஸ் புகுந்த யந்திரத்துக்கு அது தக்க சிகிச்சை. ஆனால் டிஸ்கின் சுபாவமான மந்தம் ஃபார்மட்டினால் நீங்காததால், சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும், பிரதியெடுக்காத படங்கள் மட்டும் திரும்புவதில்லை.

திறக்கும்போது வேகமாகவும், பத்து நிமிஷத்துக்குப் பின் மந்தமாகவும், விசிறி ஓயாமல் இரைந்துகொண்டும் இருக்கும் கணினிக்கு உஷ்ணமே காரணம். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணியைப் போல் படிந்து காற்று வழியை முற்றிலும் அடைத்திருக்கும். பிராசசரின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்து பொடியாக உதிரும். மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை ஊதி, பழைய பேஸ்டைத் துடைத்துப் புதியதை மெல்லிதாக இட வேண்டும். மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்து உபயோகிப்பது காற்றுத் துளைகளை மூடிவிடுமாகையால் கூடாது.

இவையெல்லாம் செய்து வேகம் திரும்பிய கணினிக்கும் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அங்கத்தையும் ஏறத்தாழ 2018க்குப் பிந்திய பிராசசரையும் நிபந்தனையாகக் கேட்கிறது. அந்த நிபந்தனைக்கு உட்படாத யந்திரங்களில் லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு என்னும் இலவச இயக்க முறைமையை ஏற்றி, கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், படம் பார்க்கவும் இன்னும் பல ஆண்டுகள் உபயோகிக்கலாம். அதற்கு மனமில்லாதவர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பதையாவது இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.