குவளை நடு வரி: நீர்ப்பூ பயிராக இருந்த வரலாறு

பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள், பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதியில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மறுபெயரும் உண்டு. மகரத்தை அடுத்த பகரம் அதனோடு ஒன்றித் 'தொம்மலூர்' ஆனது தமிழ், கன்னடம் இரண்டுக்கும் இயல்பான ஒலிமாற்றமே. அங்குள்ள 13ஆம் நூற்றாண்டுக் கொடை ஒன்று விண்ணமங்கலம் ஏரியைக் குறிப்பிடுகிறது. ஏரியைக் கூறும் இத்தகைய கொடைகள் பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே வாசிக்கப்படுகின்றன. ஆனால் தமிழ் ஆவண மரபில் நீர்நிலைக்கு மற்றொரு பயனும் இருந்தது: அது பூ விளையும் நிலம்.

'லில்லி' என்ற ஆங்கிலச் சொல்லின்கீழ் இன்று பல பூக்கள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றன. தாவரவியல் நோக்கில் உண்மை லில்லிக்கு நெருங்கிய உறவு கொண்ட தமிழ்நிலப் பூ காந்தள். அல்லி, ஆம்பல், குவளை, செங்கழுநீர் ஆகியவை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த நீர்ப்பூக்கள். தமிழ் இவற்றை ஒரே பெயரில் அடக்கவில்லை. இரவில் மலர்வது ஆம்பல், பகலில் மலர்வது குவளை எனப் பொழுதையே வேறுபாட்டுக்கு அடிப்படையாகக் கொண்டது. குவளையைச் செங்கழுநீர் என்று உரையாசிரியர்கள் பலவிடத்தும் விளக்குகின்றனர். பூசைக்கும் சூடுவதற்கும் உரிய பூவாக ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வருவது இந்தக் குவளை, செங்கழுநீர் இணையே.

இலக்கியத்தில் இப்பூக்கள் தாமாக மலர்கின்றன. சுனையில் குவளை இருக்கும்; அதை அங்கு வைத்தவர் யார் என்ற கேள்வி பாட்டில் எழுவதில்லை. அக்கேள்விக்கு விடை தருபவை வரி ஆவணங்கள். பல்லவர் செப்பேடுகள் பிரமதேயமாக விடப்பட்ட ஊர்களுக்கு விலக்களிக்கப்பட்ட வரிகளை வரிசைப்படுத்துகின்றன. செக்கு, தறி, தரகு முதலியவற்றோடு பூவும் அவ்வரிசையில் சேர்கிறது. 1938இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய நூலில் சி. மீனாட்சி இவ்வரிகளை விரிவாக ஆராய்ந்தார். 'குவளை நடு வரி' குவளையைப் பயிரிடுவதற்கான கட்டணம் என்றும், 'குவளைக் காணம்' அதன் விற்பனையைச் சார்ந்தது என்றும் அவர் பிரித்துக் காட்டினார். மருந்துச் செடியாகிய செங்கொடிக்கும் இதுபோன்ற காணம் இருந்தது.

இவ்விரு தொடர்களின் சொல்லமைப்பும் கவனத்துக்குரியது. 'குவளைக் காணம்' என்பதில் வரிக்கு அடையாக நிற்பது பொருளின் பெயர் மட்டுமே. 'குவளை நடு வரி' என்பதில் நடுவே ஒரு வினையடி நிற்கிறது. வரி விதிக்கப்பட்டது குளத்தில் பூ இருந்ததற்காக அன்று, ஒருவர் அதை நட்டதற்காக. மலர்ந்த பூவுக்கும் அதை உண்டாக்கிய உழைப்புக்கும் அரசு தனித்தனிக் கணக்கு வைத்திருந்தது.

சோழர் ஆவணங்களில் இதே செயல் உரிமையாக வடிவெடுக்கிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1006) ஆனைமங்கலத்தை வழங்கினான். அதைப் பதிவு செய்த செப்பேடுகள் இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன. 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதியில் 16 தமிழ் ஏடுகள். கொடை பெற்றோர் அனுபவிக்கக்கூடிய உரிமைகளாக அவை அடுக்குபவற்றுள், சுட்ட ஓட்டால் மாளிகை எடுப்பதும் கிணறு தோண்டுவதும் உண்டு. தமனகம், மரு, செண்பகம், செங்கழுநீர், மா, பலா, தெங்கு, கமுகு ஆகியவற்றை இடுவதும் நடுவதும் உண்டு. உரிமையாக எழுதித் தரப்படுவது, பிறருக்கு இயல்பாகக் கிடைக்காத ஒன்றாகத்தான் இருக்க இயலும். மாளிகைக்கு ஓடு வேய்வதைப் போலவே, செங்கழுநீர் நடுவதும் அனுமதிக்கு உட்பட்ட சிறப்பாக இருந்தது.

இங்கு இடுதல், நடுதல் என இரு வினைகள் இணைந்து வருவது வெறும் அடுக்கு அன்று. வித்து இடப்படும், நாற்றும் கிழங்கும் நடப்படும். நீர்ப்பூவுக்கு இரு வழிகளும் உண்டு. அதன் காய் நீருக்கடியில் முதிர்ந்து வெடிக்கும். மென்மையான உறையுள்ள விதைகள் சிறிது நேரம் மிதந்து, பின் சேற்றில் அமிழும். இந்த வழியில் பூ எங்கு முளைக்கும் என்பதை நீரோட்டமே தீர்மானிக்கும். குறித்த இடத்தில் பூ வேண்டுமெனில் சேற்றுக்குள் இருக்கும் கிழங்கைப் பிரித்தெடுத்து, முளை மேல்நோக்க, ஆழமற்ற நீரின் சேற்றில் ஊன்ற வேண்டும். இலை நீர்மட்டத்தை எட்டும்வரை ஆழம் மிகாமல் காக்க வேண்டும். கோடையில் குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றில் உறங்கி, அடுத்த மழைக்குத் தளிர்க்கும். நீர் வற்றியபின் பறவைகள் அகல, ஆம்பலும் நெய்தலும் குளத்தோடு ஒட்டியிருப்பதை மூதுரை உறவுக்கு உவமையாக்கியது இந்த இயல்பை அறிந்தே.

இப்பயிருக்கு ஒதுக்கப்பட்ட இடமும் சிறிதன்று. திருவாரூரில் கோயில், குளம், செங்கழுநீர் ஓடை மூன்றும் ஐந்து ஐந்து வேலி என்பது நெடுங்கால வழக்கு. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். கோயிலின் பரப்புக்குச் சமமான நிலம் ஒரு பூவின் பெயரால் வழங்கியது என்றால், அங்கு கிழங்கு பிரித்தவர், சேறு மிதித்தவர், நீர் காத்தவர், விடியலில் பூப் பறித்தவர் எனப் பலருடைய உழைப்பு அதன்பின் இருந்திருக்க வேண்டும். ஆவணங்களில் கொடையாளர் பெயரும் கொண்டோர் பெயரும் உண்டு. நட்டவர்கள் ஒரு வினையடியாக மட்டுமே எஞ்சியுள்ளனர்.

பெங்களூரின் ஏரிகளுக்கு அந்த அளவு எச்சமும் வாய்ப்பது அரிது. தர்மாம்புதி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியிருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கு நிற்கிறது. தொம்மலூரை அடுத்த சல்லகட்டா ஏரி கோல்ஃப் திடலாகிவிட்டது. அல்லிக்கிழங்கு இன்று நகரத்தின் மொட்டைமாடித் தொட்டிகளில் ஊன்றப்படுகிறது. ஏரிகளின் வரலாற்றை எழுதுவோர் பாசனப் பரப்பையும் மதகையும் கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் நீர்ப்பூவை இயற்கை அழகு என்னும் தலைப்பிலிருந்து எடுத்துப் பயிர் என்னும் தலைப்பின்கீழ் வைப்பதற்குப் பல்லவர் காலத்து வரிப்பெயர் ஒன்றே போதிய சான்று.