படபடன்னு அடிக்கிற இண்டிகேட்டர்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். சில வருஷம் முன்னாடி, மழை விட்ட ஒரு சாயங்காலம் பைக்கில் அங்கே போய்க்கிட்டிருந்தேன். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். எப்பவும் நிதானமா மின்னுறது, அன்னிக்குப் படபடன்னு அடிச்சுது. 'மின்னுதுல்ல, போதும்'னு திரும்பிட்டேன். பின்னாடி வந்த லாரி முழங்கையை உரசாத குறையா வலது பக்கமாப் போச்சு. டிரைவர் திட்டினதுல தப்பே இல்லை. என் பின்பக்க விளக்கு எரியவே இல்லை!

அந்தப் படபடப்புக்கு ஒரு சரித்திரமே இருக்கு.

ஆரம்பத்தில் எல்லாத்துக்கும் கைதான். 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கின காலத்து புல்லட்டில் இண்டிகேட்டர் கிடையாது. கை நீட்டித்தான் திரும்பணும். மேல்நாட்டில் 1914 வாக்கிலேயே ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற ஊமைப்பட நடிகை, பொத்தானை அமுக்கினால் காரின் பின்னால் சைகை காட்டும் கை ஒன்றை யோசித்தார். காப்புரிமை வாங்காததால் காசு பார்க்கவில்லை, பாவம். 1939 மாடல் பியூக் கார்களில் மின்னும் விளக்கு வந்தது. நம்ம 1988 மோட்டார் வாகனச் சட்டமும் கைச்சைகைக்குப் பதிலா மின்கருவியால் சைகை காட்டலாம் என்கிறது. கைக்கு வந்த மாற்று ஆள்தான் இண்டிகேட்டர்.

சரி, அதை மின்ன வைக்கிறது எது? ஃபிளாஷர் ரிலே. பழைய ரிலேக்குள் ஒரு உலோகப் பட்டை. பல்புக்குப் போகும் கரண்டில் அது சூடாகி வளையும், இணைப்பு விடும். ஆறினால் மறுபடி ஒட்டும். ஒரு பல்பு போனால் கரண்டு குறையும், தாளம் தப்பும். அதாவது அது ரிலேயின் பலவீனம். பிறகு வந்த எலக்ட்ரானிக் ரிலேக்களுக்கு அந்தப் பலவீனம் இல்லை. ஆனாலும் பல்பு போனால் வேகமா மின்னுற மாதிரி பலவற்றை வேணும்னே செஞ்சாங்க. ஓட்டுறவனுக்குத் தெரியணுமே! குறையே எச்சரிக்கையா மாறின கதை இது. எல்.இ.டி. பல்பு மாட்டினாலும் சில வண்டி படபடக்கும். கரண்டு கம்மியா இழுக்கிறதால பல்பு போயிடுச்சுன்னு ரிலே நினைச்சுக்குது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைத் தொடும் முன்னாடியே கேட்டார்: "இடது பக்கம் ஒழுங்கா மின்னுதா தம்பி?"

"மின்னுது அண்ணாச்சி."

"அப்போ பேட்டரி, ரிலே ரெண்டும் நல்லாருக்கு. வலது பல்பு, இல்லேன்னா எர்த்து."

ரெண்டு பக்கத்துக்கும் அதே பேட்டரி, அதே ரிலே. ரெண்டு பக்கமும் செத்திருந்தால்தான் ஃபியூசு, ரிலே, பேட்டரி பார்க்கணுமாம். கழற்றினார். பல்பு நல்லாத்தான் இருந்தது. ஹோல்டரில் மழைத்தண்ணி இறங்கித் துரு. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். பழைய நிதானம் திரும்பிடுச்சு.

வண்டி சொல்லத்தான் சொல்லிச்சு. கேட்காதது நான்தான். இப்பவும் தேவதானத்தில் திரும்பும்போது இண்டிகேட்டரையும் போடுறேன், கையையும் நீட்டுறேன் :)