தலை குனிந்த மணப்பெண்

மதுரை நாயக்கர்களின் 72 பாளையங்களுள் ஒன்றான கன்னிவாடியில், பழைய வீட்டுப் பட்டாசாலைச் சுவரை அண்ணாந்து பார்த்தால் சட்டமிட்ட மீனாட்சி கல்யாணப் படத்தை இன்றும் காணலாம். கண்ணாடி மங்கி, தாள் பழுத்திருக்கும். ஒருபுறம் தாரை வார்க்கும் திருமால், மறுபுறம் சொக்கநாதர், நடுவே நாணித் தலை குனிந்த மீனாட்சி. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத் தூணில் நிற்கும் அதே மூவர்தாம். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் கடவுளரின் வண்ணப்படத்தை வீடுகளுக்குப் பழக்கியது. நம் பக்கத்தில் அதைப் பெருக்கியவர் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976). அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக ஊரூராய்ப் போயின.

இப்படத்தை ஜப்பானிய மரப்பலகை அச்சோவியங்களின் அருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. வண்ணத்துக்கொரு பலகை செதுக்கி அச்சிடும் முறை எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 1765ஐ ஒட்டி மலர்ந்தது. அதன் முன்னோடியான சுசுகி ஹருநொபு, ஒரு திருமணத்தை ஏழு படங்களாக வரைந்தார். பெண் பார்த்தல், பரிசம், பல்லக்கில் புக்ககம் செல்லல், மதுக்கிண்ணம் மாற்றிக்கொள்ளல் என்று நகரும் அவ்வரிசை, தலைப்பிள்ளை பிறப்பதில் முடிகிறது. மணச்சடங்கு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஷிண்டோ ஆலயத்தில் மணமுடிப்பது 1900இல் பட்டத்து இளவரசரின் திருமணத்துக்குப் பின் பரவிய வழக்கமே. 'தொன்மை' எனப்படுவன பலவும் இவ்வாறுதான். வரிசையின் தலைப்பு கற்பைப் போற்றுவது. அதைப் பெண் விடுதலைச் சித்திரமாக்க வேண்டியதில்லை. ஆயினும் அவள் தெய்வமல்லள், யாரோ வீட்டுப் பெண்.

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்பார்கள் நம் சிறுவர்கள். ஜப்பானியருக்கும் அது நரிக் கல்யாணமே, அதையும் அச்சோவியமாக்கினர். நரிக்குக் கிடைத்த அந்த இடம், நம் வண்ண அச்சில் மானிட மணமகளுக்குக் கிடைக்கவில்லை. தெய்வத்துக்குமே முழுக்கதை இல்லை. திருவிளையாடற் புராணத்துத் தடாதகை முடிசூடி ஆண்டவள், திக்குவிசயம் செய்து கயிலை வரை படை நடத்தியவள். அந்தப் போர்க்கோலத்தை விடுத்து, அவள் கை பிறர் கையில் ஒப்படைக்கப்படும் நொடியையே நாட்காட்டி வீடுதோறும் சேர்த்தது. வாங்குவோர் விரும்பியதும் அதுவாக இருக்கலாம்.

சாதாரண மணப்பெண் சுவரேறியது புகைப்படத்தின் வழியாகத்தான். மீனாட்சி படத்துக்குக் கீழே, திண்டுக்கல் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். மாப்பிள்ளை நாற்காலியில் இருப்பார். பெண் பக்கத்தில் நிற்பாள். சிலர் தலை குனிந்திருக்கிறார்கள். சிலர் கேமராவை நேராகவே பார்க்கிறார்கள்.