திருக்கைத் தொட்டி மணல்

நன்னீர்த் திருக்கைகளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் அடியில் பரப்பப்படும் நுண்மணல். அமேசான், ஒரினோகோ, பரானா முதலிய தென்னமெரிக்க நதிகளின் படுகையில் உடலைப் புதைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பின்னுள்ள துவாரங்களால் நீரை இழுத்துச் சுவாசிப்பதும், வாய் அடிப்புறம் அமைந்திருப்பதால் மணலைக் கிளறியே ஆகாரம் தேடுவதும் இம்மீனின் சுபாவமாதலின், கூர்முனையற்ற, 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள ஆற்றுமணலே உத்தமம். சரளை மென்மையான அடித்தோலைக் கீறும். பவளமணலோ சுண்ணாம்பைக் கரையவிட்டு நீரின் காரத்தன்மையை உயர்த்திவிடும் (காடி விட்டால் நுரைப்பது அவ்வகை என்று அறியலாம்). கனம் சுமார் 5 சென்டிமீட்டர் போதும். மிகுந்தால் பிராணவாயு புகாத அடியில் நச்சுவாயு ஜனிக்கும். வெறுந்தொட்டி சுத்தம் செய்ய எளிதென்பர். புதைய இடமற்ற மீனுக்கு அது சௌகரியமன்று. வாலில் விஷமுள் உண்டாதலால், மீன் உள்ளே இருக்கையில் வெறுங்கையால் மணலைக் கிளறலாகாது.