கல்வராயன் மலையடிவாரத்தில் குடியேறிய மருத்துவத் தம்பதியர்

 

விடுமுறை நாட்களில் நம் இளைஞர்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் சென்று, மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளைக் கண்டு மாலையில் திரும்புகின்றனர். "இங்கேயே தங்கிவிடலாம் போலிருக்கிறதே" என்று அப்போது சொல்லாதவர் குறைவு. சொல்வதோடு நில்லாமல் அவ்வாறே தங்கிவிட்டவர்கள் உண்டா என்றால், உண்டு.

அவர்களைப் பற்றி அறியுமுன் மலையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். இங்கு வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். மலையில் வாழ்வோர் என்பது அதன் பொருள். கேரள மொழியினர் என்பதன்று. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் இது பதிவாகியுள்ளது. ஆக, மலைமக்களும் தம் நினைவில் குடிபெயர்ந்து வந்தவர்களே!

நாடு 1947இல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் இம்மலைக்குத் தாமதித்து வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் அமைந்தது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றினர். எளிதில் தடுக்கக்கூடிய நோய்களுக்காக ஏழைகள் நெடுந்தொலைவு நடந்தும் பயணித்தும் வருவதைக் கண்ட அவர்கள், மருத்துவமே இல்லாத இடத்தைத் தேடிப் புறப்பட்டனர். அத்தேடல் சிட்டிலிங்கியில் வந்து முடிந்தது. அங்கிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவுறுமுன்னரே மடிந்தன.

1993இல் ஊரார் எழுப்பித் தந்த ஒரு சிறு குடிசையே முதல் மருத்துவமனை. பிரசவமும் சிறு அறுவைச் சிகிச்சையும் அதிலேயே நடைபெற்றன. சுமார் 3 ஆண்டுகளுக்குப் பின்னரே பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடம் எழுந்தது.

நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் இருக்கிறது. அத்தம்பதியர் தம் கல்வியைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அதிகம் படித்திராத மலைப்பெண்களுக்கே செவிலியர் பயிற்சி அளித்தனர். ஊர்தோறும் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினர். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனித்தவர்கள் அப்பெண்களே. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்குக் குறைந்தது. நோயின் வேர் வறுமையில் இருப்பதை உணர்ந்து, பின்னாளில் இயற்கை வேளாண்மைக்கும், லம்பாடிப் பெண்களின் பூந்தையல் கலைக்கும் கூட்டமைப்புகள் தோன்ற உறுதுணையாக நின்றனர்.

பிறந்த ஊரைப் பிரிதல் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரத்தின் வரலாற்றைக் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிழைப்பிற்காக வளைகுடா சென்ற பிள்ளைகள் நம் தெருக்கள்தோறும் உள்ளனர். அவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கதே. எனினும் வருவாயை நாடிப் போவதும், தேவையை நாடிப் போவதும் ஒன்றாகா. ஓர் ஊரின் அழகில் மயங்குவது ஒருநாள் செயல். அவ்வூரின் துயரைத் தன் துயராக ஏற்று, தான் இல்லாதபோதும் அம்மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும்படி செய்வது வாழ்நாள் செயல். உண்மையான நேசம் இதுவே.

நம் ஜமாஅத்தில் மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகளிடம் பெற்றோர்கள் இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும். எல்லோரும் மலையேறிக் குடியிருக்க இயலாது. ஆண்டில் சில நாட்களேனும் அம்மலைமக்களுக்காகச் செலவிடலாமன்றோ? அடுத்த முறை நீர்வீழ்ச்சி காணச் செல்லும்போது, வழியிலுள்ள குடிசைகளையும் நின்று பார்ப்போமாக. வல்ல நாயன் அருள்புரிவானாக!