அறுக்கப்பட்ட நாண்கள்

வண்ணார்பேட்டைப் பக்கம் "சித்ராவுக்குப் போயிருக்காவ" என்றால் இதயமோ மூளையோ என்று புரிந்துகொள்வோம். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகிற வழக்கம் அது. அங்கே உருவான செயற்கை வால்வைப் பற்றிப் படிக்கப்போய், நான் மாட்டிக்கொண்டது கயிறுகளிடம்.

இதயத்தின் மைட்ரல் வால்வுக்கு இரண்டு இதழ்கள். அவற்றின் விளிம்பிலிருந்து மெல்லிய நாண்கள் இறங்கி, கீழறைச் சுவரில் முளைத்திருக்கும் பாப்பில்லரி தசைகளில் முடிகின்றன. இந்த நாண்கள் வால்வை இழுத்து மூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூடுவது ரத்தத்தின் அழுத்தம். சாரல் காற்றில் குடை மேல்பக்கமாக மடங்குமே, அதுபோல இதழ்கள் மேலறைக்குள் புரளாமல் பிடித்துக்கொள்வதுதான் நாண்களின் வேலை. கீழறை சுருங்கும்போது கயிறு தொய்ந்துவிடும். அந்தத் தொய்வைத் தசை சுருங்கி எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை!

செயற்கை வால்வுக்கு இதெல்லாம் தேவையில்லை. அதனால் அறுவைச் சிகிச்சையில் இதழோடு நாண்களையும் வெட்டி எறிந்தார்கள். வால்வு நன்றாக வேலை செய்தும் சிலருக்கு இதயம் தளர்ந்தது. நாண்கள் இதழை மட்டுமல்ல, கீழறையின் வடிவத்தையும் பிடித்திருக்கின்றன என்று 1960களில் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை வாதிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் டொரொண்டோவில் டைரோன் டேவிட் அதை மறுபடி எடுத்த பிறகுதான் வழக்கம் மெல்ல மாறியது. இருபது வருஷம்!

அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வரும் சாயும் தட்டு வால்வு ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். நாண்களுக்குப் பதில் இதில் தட்டைப் பிடிப்பவை உலோகக் கம்பிகள். முதல் மாதிரியில் உடைந்ததே அந்தக் கம்பிதான். அடுத்ததில் நீலக்கல் தட்டு டைட்டானியத்தைத் தேய்த்தது. மூன்றாவதில் நீலக்கல்லே உடைந்தது. நான்காவதில் பாலிஎத்திலின் தட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

நம் ஊர்களில் சிக்கல் வேறு. சிறுவயதுத் தொண்டை அழற்சியில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் நாண்களைத்தான் தடிக்கவைத்து, குறுக்கி, ஒட்டவைக்கிறது. காப்பாற்ற வேண்டிய கயிறே கெட்டிருக்கும். மிச்சம் வைத்தாலோ சாயும் தட்டில் சிக்கலாம். அதனால் முடிந்தவரை பின்னிதழின் நாண்களை விட்டுவைக்கிறார்கள். முடியாத இடத்தில் சில மருத்துவர்கள் கோர்-டெக்ஸ் நூலால் புது நாண் தைக்கிறார்கள்.